மூன்று நிமிட வரம்பும் நீள்பாடல்களும்: இசைத்தட்டு உருவாக்கிய பாடபேதங்கள்

பாடல் ஒன்றை மொழிபெயர்க்க முற்படுவோர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய வினா, அப்பாடலின் எந்தப் பாடத்தை மூலமாகக் கொள்வது என்பதாகும். ஏட்டுச்சுவடி இலக்கியங்களைப் பொறுத்தவரை இவ்வினா நமக்குப் புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்தார்; அவருக்குப் பின் வந்த பதிப்பாசிரியர் பலரும் அவ்வழியைப் பின்பற்றினர். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் ஒலிப்பதிவுப் பாடல்களுக்கு இத்தகைய ஆய்வு தேவையில்லை என்ற எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. பாடியவரின் குரலே பதிவாகியிருக்கும்போது பாடபேதத்திற்கு இடமேது என்று கேட்கத் தோன்றும். 2016இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பாப் டிலனுக்கு வழங்கப்பட்டபின், பாடல் வரிகளை இலக்கியப் பனுவலாகக் கொள்வது பரவலாக ஏற்கப்பட்டுவிட்டது. ஆயினும் அப்பனுவல் எந்தக் கருவியின் வழியாக, எவ்வளவு சுருங்கி நம்மை வந்தடைந்தது என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை.

1949 முதல் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மக்கள் பாடலின் முதன்மை வாகனமாக விளங்கியது ஏழு அங்குல 'சிங்கிள்' இசைத்தட்டு. அதில் அடங்காத நீண்ட பாடல்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அப்பாடல்களை வெட்டச் செய்ததில் தட்டின் இயற்பியலைக் காட்டிலும் வணிக வழக்கிற்கே பெரும்பங்கு உண்டு என்பதும், அவ்வெட்டுகள் விளைவித்த பாடபேதங்களை மொழிபெயர்ப்பாளர் புறக்கணிக்க இயலாது என்பதும் ஈண்டு நிறுவப்படும்.

தட்டின் அளவும் பள்ளத்தின் கணக்கும்

1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நீள்தட்டை வெளியிட்டது. அதற்குப் போட்டியாக ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949இல் 45 சுழற்சித் தட்டை அறிமுகப்படுத்தியது. விட்டம் ஏழு அங்குலம். பக்கத்திற்கு ஒரு பாட்டு. நடுவிலுள்ள லேபிளையும் விளிம்பையும் நீக்கினால், பதிவுக்குக் கிடைக்கும் வளையப் பட்டையின் அகலம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். ஊசி செல்லும் நுண்பள்ளம் இப்பட்டைக்குள் ஒரே சுருளாக வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்கிறது.

மூன்று நிமிடப் பாட்டுக்குத் தட்டு 135 முறை சுழல வேண்டும். ஆகவே சுருளின் ஒரு சுற்றுக்கு 0.22 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. ஏழு நிமிடப் பாட்டாயின் 315 சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவான இடமே எஞ்சுகிறது. ஒலி உரக்க இருந்தால், குறிப்பாகக் கீழ்த்தொனி மிகுந்திருந்தால், பள்ளம் பக்கவாட்டில் அதிகமாக அசைகிறது. இடம் குறைந்தால் அடுத்த சுற்றில் போய் முட்டும். கீழ்த்தொனியைக் குறைத்து வெட்டி, இசைக்கும்போது மீண்டும் உயர்த்தும் முறை 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலின் பொதுத் தரமாக்கப்பட்டது. அதன் பின்னரும் நீளத்திற்கும் உரப்புக்கும் இடையிலான இழுபறி நீங்கவில்லை. நீண்ட பாட்டைத் தட்டில் ஏற்றலாம்; ஆனால் அது மெலிந்தே ஒலிக்கும்.

இன்னொரு குறைபாடும் உண்டு. சுழற்சி வேகம் மாறாதிருப்பினும், வெளிச்சுற்றில் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது; கடைசிச் சுற்றுகளில் 25 சென்டிமீட்டர் அளவே ஓடுகிறது. ஒரே நொடியின் ஒலி அங்கே நெருக்கி எழுதப்படுவதால் மேல்தொனிகளும் 'ஸ்', 'ஷ்' போன்ற உரசொலிகளும் சிதைகின்றன. பாட்டின் உச்சம் பெரும்பாலும் இறுதியில் வருவது. தட்டோ இறுதியில்தான் நலிவடைகிறது. ஒலியியல் ஆய்வுக்குப் பழைய தட்டுகளைப் பயன்படுத்துவோர் உரசொலிகளை அளக்கும்போது, அச்சொல் தட்டின் எப்பகுதியில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்வது நன்று.

இக்கணக்கு காட்டுவது ஒன்றுண்டு. ஏழு அங்குலத் தட்டுக்கு மூன்றாம் நிமிடத்தில் சுவர் ஏதும் இல்லை. இருப்பது ஒரு சரிவு. ஐந்து நிமிடம் சற்று மெலிவு, ஏழு நிமிடம் இன்னும் மெலிவு, அவ்வளவே.

வழக்கின் வரம்பு

அவ்வாறாயின் மூன்று நிமிடம் எங்கிருந்து வந்தது? அது முந்தைய 78 சுழற்சித் தட்டின் மரபுரிமை. பத்து அங்குல 78 தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே தாங்கும். அங்கு வரம்பு உண்மையான வரம்பு. உட்டி கத்ரி 1940இல் விக்டர் நிறுவனத்திற்காகப் பாடிய 'டாம் ஜோட்' என்ற கதைப்பாடல் ஒரு பக்கத்தில் அடங்காமல், முதற்பகுதி, இரண்டாம் பகுதி என இரு பக்கங்களாகப் பிரிக்கப்பட்டது. கருவி மாறியபின்னும் அளவு மாறவில்லை. பாடலாசிரியர்கள் மூன்று நிமிடத்திற்குள் இரண்டு அல்லது மூன்று சரணமும் திரும்பத் திரும்ப வரும் பல்லவியும் அமைத்துப் பழகியிருந்தனர். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் உரிமையாளருக்குப் பாட்டு குறுகக் குறுக வருவாய் மிகும். வானொலி நிலையங்களுக்கோ விளம்பரங்களுக்கு இடையில் எத்தனை பாட்டு ஒலிபரப்பலாம் என்பதே கணக்கு. எழுத்தில் எங்கும் சட்டமாக்கப்படாத ஒரு யாப்பு இவ்வாறு உருவாயிற்று என்று கூறலாம்.

யாப்பு இருக்குமிடத்தில் அதை ஏய்க்கும் உத்தியும் இருக்கும். 1964இல் ரைட்டியஸ் பிரதர்ஸ் பாடிய 'யூவ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலின்' 3 நிமிடம் 45 நொடி நீளமுடையது. தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் லேபிளில் 3:05 என்றே அச்சிடச் செய்தார். 1967இல் சைமன், கார்ஃபங்கல் இருவரின் 'ஃபேக்கிங் இட்' தட்டில் காணப்படும் அளவு இன்னும் சுவையானது: 2:74. எழுபத்து நான்கு நொடி என்பது ஒரு நிமிடமும் பதினான்கு நொடியும். ஆகவே கூட்டினால் 3:14 என்ற உண்மையான அளவு கிடைத்துவிடுகிறது. முன்னது பொய், பின்னது பொய்யன்று, எண்ணெழுதும் மரபை மட்டும் மீறியது. வானொலிக்காரர் முதல் இலக்கத்தை மட்டுமே பார்ப்பர் என்ற எதிர்பார்ப்பில் எழுதப்பட்ட குறிப்பு அது. பேச்சுச்செயல் பற்றி வகுப்பெடுப்போருக்கு இதைவிடச் சிறிய சான்று கிடைப்பது அரிது.

இரு பக்கப் பாடல்கள்

நீண்ட பாட்டை இரண்டாகப் பிரித்து இரு பக்கங்களில் வெளியிடும் முறை 45 சுழற்சித் தட்டிலும் தொடர்ந்தது. 1959இல் வெளிவந்த ரே சார்ல்ஸின் 'வாட் ஐ சே' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1958 டிசம்பரில் ஒரு நடன அரங்கில், நிகழ்ச்சி நேரத்தை நிரப்புவதற்காகக் கணத்தில் கட்டிப் பாடப்பட்டது அப்பாட்டு. 1959 பிப்ரவரியில் அட்லாண்டிக் நிறுவனத்தில் பதிவானபோது அது சிங்கிளின் வழக்கமான அளவை வெகுவாக மீறியிருந்தது. பதிவுப் பொறியாளர் டாம் டவுட் அதனை இரு பகுதிகளாக்கினார். இடையில் பாட்டு முடிந்துவிட்டது போல இசை நிற்கிறது; உடன் பாடும் பெண்களும் இசைக்குழுவினரும் நிறுத்த வேண்டாம் என்று கெஞ்சுகின்றனர்; பாட்டு மீண்டும் எழுகிறது. தட்டின் முறிவு இங்கே உரையாடலின் ஓர் உறுப்பாகிவிட்டது. வரிகளை மட்டும் அச்சில் படிப்பவருக்கு அக்கெஞ்சல் தேவையற்ற இரைச்சலாகத் தோன்றலாம். தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டவருக்கோ அது பனுவலின் இணைப்புச் சொல்லாக அமைந்தது.

பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' (1965) ஆறு நிமிடத்தை மீறியது. வானொலி நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட தட்டில் முதலிரு சரணங்களும் அவற்றின் பல்லவியும் ஒரு பக்கம், எஞ்சியவை மறுபக்கம் என அமைந்தன. முழுப்பாட்டையும் ஒலிபரப்ப விரும்பியவர் தட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. கடைகளில் விற்ற தட்டில் பாட்டு ஒரே பக்கத்தில் முழுமையாக இருந்தது என்பது நோக்கத்தக்கது. அதாவது ஒரே பாடல், ஒரே ஆண்டில், ஒரே நிறுவனத்தால், வாங்குவோருக்கு முழுமையாகவும் வானொலிக்குப் பிளவுபட்டும் வழங்கப்பட்டது. தடை இயற்பியலால் ஏற்பட்டதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அப்பாட்டு இரண்டாம் இடம் வரை சென்றது.

எட்டரை நிமிடத்தை மீறிய டான் மெக்லீனின் 'அமெரிக்கன் பை' 1971இல் இரு பக்கங்களாகவே விற்கப்பட்டு, 1972 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைப் பெற்றது. பாட்டின் பாதியை மட்டும் அறிந்த கேட்போர் கூட்டம் ஒன்றை இத்தகைய தட்டுகள் உருவாக்கியிருக்கக்கூடும்.

வெட்டுண்ட சரணம்

பிரிப்பதைவிட எளிய வழி வெட்டுவது. வெட்டுகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. டோர்ஸ் குழுவினரின் 'லைட் மை ஃபயர்' (1967) நீள்தட்டில் ஏறத்தாழ ஏழு நிமிடம். சிங்கிளில் மூன்று நிமிடத்திற்கும் குறைவு. நீக்கப்பட்டது பெரும்பாலும் இடையிலுள்ள ஆர்கன், கிட்டார் இசை. இசை ஆய்வாளருக்கு அது பேரிழப்பு. சொற்களை மட்டும் நோக்கும் மொழிபெயர்ப்பாளருக்குச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை.

மார்ட்டி ராபின்ஸ் 1959இல் பாடி வெளியிட்ட 'எல் பாசோ' முற்றிலும் வேறானது. நான்கரை நிமிடத்தைத் தாண்டிய இது ஒரு கதைப்பாடல். எல் பாசோ நகரின் மதுக்கூடத்தில் ஆடும் மெக்சிகப் பெண்மேல் மையல் கொண்ட மாட்டிடையன் ஒருவன், அவளை நாடிவந்த மற்றொருவனைத் துப்பாக்கியால் சுட்டுக் கொல்கிறான். பின்வாசல் வழியே வெளியேறி, குதிரை ஒன்றைத் திருடிக்கொண்டு நியூ மெக்சிகோவின் பாழ்நிலத்திற்கு ஓடுகிறான். காதல் மரண அச்சத்தை வெல்ல, மீண்டும் வருகிறான்; துரத்துவோரால் சுடப்பட்டு அவள் மடியில் உயிர் விடுகிறான். முழுதும் அவன் கூற்றாகவே அமைந்தது. திரும்ப வரும் பல்லவி ஏதும் இல்லை. ஆதலால் எதை வெட்டினாலும் கதையில்தான் வெட்டு விழும்.

நிறுவனம் வானொலிக்கென அனுப்பிய தட்டில் ஒரு பக்கம் முழுப்பாட்டும், மறுபக்கம் சுருக்கப்பட்ட வடிவமும் இருந்தன. சுருக்கத்தில் நீக்கப்பட்டது ஒரு சரணம். கொலை செய்தபின் அவன் ஒரு கணம் பேச்சற்று நிற்பதையும், தான் செய்த தீவினையை எண்ணித் திடுக்கிடுவதையும், ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை எனத் தெளிவதையும் கூறும் சரணம் அது. நேரத்தை மட்டும் நோக்கிய கத்தரிக்கு இது வசதியான இடம். செயல் எதுவும் நிகழாத பகுதி. ஆனால் கதைமாந்தன் அறம் உணரும் ஒரே இடமும் அதுதான்.

தமிழில் இதனை ஆக்குவோர் இரு பாடங்களின் வேறுபாட்டை வாக்கிய அமைப்பிலேயே உணர்வர். சரணம் நீங்கிய வடிவத்தில் கொலையும் ஓட்டமும் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழின் இயல்பு அவ்விரு வினைகளையும் எச்சத்தால் கோக்கத் தூண்டும்: 'சுட்டுவிட்டு ஓடினேன்'. அவ்வாறு கூறியவுடன் ஓட்டம் கொலையின் தொடர்ச்சியாகிவிடுகிறது; பேசுபவன் துணிந்த கொலைஞனாகிறான். முழு வடிவத்தில் அந்த எச்சத்திற்கு இடமில்லை. 'சுட்டேன்' என்று முற்றாக நிறுத்தி, இடையில் அவன் நிற்பதையும் நினைப்பதையும் கூறி, பின்னரே 'ஓடினேன்' என முடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் சில அடிகளின் இழப்பாக மட்டும் தோன்றுவது, தமிழில் எச்சமா முற்றா என்னும் இலக்கணத் தேர்வாக வந்து நிற்கிறது.

இப்பாடலின் காலநிலையும் கருதத்தக்கது. தொடக்கம் முதல் இறந்தகாலத்தில் செல்லும் கூற்று, அவன் திரும்பிவந்து ஊரை நோக்கும் குன்றின்மேல் நிற்கும் இடத்தில் நிகழ்காலத்திற்கு மாறுகிறது. இறந்துபடுபவனே கதை கூறுவதால் இம்மாற்றம் இன்றியமையாதது. முதல் ஓட்டத்திற்கு முன் அவன் கொண்ட திகைப்பு இருந்தால், இரண்டாம் வருகை அதற்கான விடையாகக் கேட்கும். அது இல்லையேல், மீண்டும் வருவது வெறும் மோகமாகச் சுருங்கும் என்பது என் கருத்து. வானொலி அறிவிப்பாளர்களும் வாங்குவோரும் முழு வடிவத்தையே பெரிதும் விரும்பினர். 1960 தொடக்கத்தில் பாட்டு அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. எனினும் சுருங்கிய வடிவமும் அழிந்துவிடவில்லை. இரண்டும் ஒரே பெயரால் வழங்குவதால், எதைக் கேட்டு எழுதினோம் என்பதைக் குறிப்பிடாத மொழிபெயர்ப்பு ஆய்வுக்குப் பயன்படாது.

அனிமல்ஸ் குழுவினர் 1964இல் பாடிய 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' பிரிட்டனில் நான்கரை நிமிடமளவில் முழுமையாக வெளிவந்தது; அமெரிக்கத் தட்டில் மூன்று நிமிடத்திற்குள் வரும்படி வெட்டப்பட்டது. கடலின் இரு கரைகளிலும் தட்டின் அளவு ஒன்றே என்பதை இங்கு நினைவிற் கொள்க.

ஒரே பக்கத்தில் ஏழு நிமிடம்

1968இல் வழக்கின் வரம்பு வெளிப்படையாகத் தகர்ந்தது. ஜிம்மி வெப் இயற்றி ரிச்சர்ட் ஹாரிஸ் பாடிய 'மக்ஆர்தர் பார்க்' 7 நிமிடம் 21 நொடி நீளம்; ஏழு அங்குலத் தட்டின் ஒரே பக்கத்தில் வெளிவந்து அமெரிக்காவில் இரண்டாம் இடம் பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான பீட்டில்ஸ் குழுவினரின் 'ஹே ஜூட்' 7 நிமிடம் 11 நொடி. அங்கே ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது.

'ஹே ஜூட்' அமைப்பைச் சற்று கூர்ந்து நோக்கலாம். பொருளுள்ள சொற்களாலான பகுதி ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய நான்கு நிமிடமும் பொருளற்ற அசைகளும் ஜூடின் பெயருமாகத் திரும்பத் திரும்ப வந்து மெல்லத் தேய்கின்றன. மூன்று நிமிட யாப்பு நீண்ட பாட்டுக்குள்ளும் உடையாமல் நிற்கிறது. நீண்டது கூட்டிசைப்பு மட்டுமே. நம் நாட்டுப்புறப் பாடல்களின் 'தன்னானே' போன்ற அசைகளை அவ்விடத்தில் இட நினைக்கும் மொழிபெயர்ப்பாளர் உளர். அது நம் வயலையும் களத்தையும் நினைவூட்டிவிடும். மூல அசைகளை ஒலிபெயர்த்து விடுவதே பொருத்தம். 'மக்ஆர்தர் பார்க்' அவ்வாறன்று. அதில் சொற்கள் பாட்டின் வெவ்வேறு பகுதிகளிலும் பரவியுள்ளன. மூன்று நிமிடத்தில் நிறுத்தினால் பனுவல் குறைபடும். ஆகவே நீள்பாடல் என்ற ஒரே பெயருக்குள் சொல்லால் நீண்டவை, இசையால் நீண்டவை என்னும் இரு வகை உண்டு. கால அளவை மட்டும் தரும் பட்டியல்கள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

1975இல் குவீன் குழுவினரின் 'பொஹீமியன் ராப்சடி' 5 நிமிடம் 55 நொடி நீளத்துடன் வெட்டப்படாமல் வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பெற்றபோது, வரம்பு ஏறத்தாழ வலுவிழந்திருந்தது.

பன்னிரண்டு அங்குலம்

1970களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்டன் என்பவர் நடன அரங்குகளுக்கான சோதனைத் தட்டு வெட்டச் சென்றபோது, ஏழு அங்குல வெற்றுத்தட்டு தீர்ந்துபோயிருந்தது. பொறியாளர் ஹோசே ரோட்ரிகஸ் பத்து அங்குலத் தட்டைப் பயன்படுத்தினார். பள்ளங்களை அகலப் பரப்பி உரத்து வெட்டியபோது ஒலியின் வேறுபாடு வியப்பளித்தது. அவ்வழியில் பிறந்ததே பன்னிரண்டு அங்குலச் சிங்கிள். 1976இல் வால்டர் கிப்பன்ஸ் மறுகலவை செய்த 'டென் பர்சென்ட்' இவ்வளவில் விற்பனைக்கு வந்த தொடக்கத் தட்டுகளுள் தலையாயது. ஒன்பது நிமிடத்தை மீறியது. 1983இல் நியூ ஆர்டர் குழுவினரின் ஏழரை நிமிடப் பாட்டான 'புளூ மண்டே' பன்னிரண்டு அங்குலத் தட்டாகவே வெளியிடப்பட்டது.

இடம் கிடைத்தவுடன் வெட்டுண்ட சரணங்கள் திரும்பின என்று எதிர்பார்ப்போர் ஏமாறுவர். நடனத் தட்டுகளில் விரிந்தது தாளமும் இடையிசையும்; சொற்கள் பெரும்பாலும் பழைய அளவிலேயே நின்றன. இதற்குப் புறனடையாக அமைந்தது 1979இல் சுகர்ஹில் கேங் என்னும் மூவர் வெளியிட்ட 'ராப்பர்ஸ் டிலைட்'. பன்னிரண்டு அங்குலத் தட்டில் அதன் நீண்ட வடிவம் 14 நிமிடத்தைத் தாண்டுகிறது. அதே ஆண்டில் வெளிவந்த ஷீக் குழுவினரின் 'குட் டைம்ஸ்' பாட்டிலிருந்து எடுத்த தாளத்தின்மேல் மூவரும் மாறி மாறிப் பேசிச் செல்கின்றனர்; நீளம் முழுவதும் சொல்லால் ஆனது. ஏழு அங்குலத் தட்டுக்காக அது ஐந்து நிமிடத்திற்குள் சுருக்கப்பட்டது. தெருமுனையிலும் விருந்துக் கூடங்களிலும் வரம்பின்றி நிகழ்ந்த வாய்மொழிக் கலை அச்சேறியது போல இசைத்தட்டேறியது இப்பாட்டின் வழியாகத்தான். அதன் சொல்லடைவைத் தொகுக்க முயல்வோர் குறுகிய வடிவத்தை எடுத்துக்கொண்டால், பனுவலின் பெரும்பகுதியை இழந்தே தொடங்குகின்றனர்.

தட்டின் எல்லை அறவே நீங்கிய இணையக் காலத்திலும் பாடபேதம் நீங்கவில்லை. 'அமெரிக்கன் பை' ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் காத்துவந்த, அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்ற மிக நீண்ட பாட்டு என்னும் பெயரை 2021 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்டின் 'ஆல் டூ வெல்' பாட்டின் 10 நிமிடம் 13 நொடி வடிவம் பெற்றது. 2012இல் அப்பாட்டு ஐந்தரை நிமிடமளவில் வெளிவந்திருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அதில் இல்லாத சரணங்கள் சேர்ந்தன. நம் பதிப்பு மரபில் பிற்காலப் பிரதியில் மட்டும் காணப்படும் செய்யுளை இடைச்செருகல் என ஐயுறுவோம். இங்கோ நீண்ட பாடமே முன்னர் எழுந்தது, சுருங்கியதே பின்னர் அமைந்தது என்று ஆசிரியர் தரப்பு கூறுகிறது. வெளியான ஆண்டைக் கொண்டு மூலபாடம் துணியும் நெறி இப்பாட்டில் செல்லாது.